அச்சுக்கூடத்தில் அவசர வேலை

அச்சுக்கலையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் நூல்களின் வரலாற்றையே கூறி அமைவர். முதலில் அச்சேறிய விவிலியம் எது, முதல் அகராதி எது, முதற் பத்திரிகை எது என்பனவே அவர்கள் ஆராயும் பொருள்கள். ஆயின், பழைய அச்சுக்கூடம் ஒன்றின் கணக்கேட்டை விரித்துப் பார்ப்போர்க்கு வேறொரு காட்சி புலனாகும். பற்றுச்சீட்டு, நீதிமன்றப் படிவம், ஏல அறிவித்தல், காணாமற்போன குதிரையைத் தேடும் விளம்பரத் துண்டு, அரசாங்கக் கட்டளை என்பன அந்த ஏட்டின் பக்கங்களை நிரப்பி நிற்கும். நூலோ இடையிடையே, அரிதாக வரும். நூல் அச்சகத்துக்குப் புகழைக் கொடுத்தது; சோற்றைக் கொடுத்தது சில்லறை வேலையே.

இச்சில்லறை வேலைகளுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவை யாவும் அவசரமானவை. நூலாசிரியர் ஒருவர் தம் நூல் அடுத்த மாதம் வந்தாலும் பொறுத்துக்கொள்வார். நாளை நடக்கும் ஏலத்துக்குரிய அறிவித்தலோ நாளை மறுநாள் வந்தாற் பயனில்லை. ஆகவே, அச்சுக்கூடத்தின் வாயிலில் ஒருவர் தாளைக் கையிற் பிடித்தவாறு வந்து, "இது உடனே வேண்டும்" என்று கேட்கும்போதெல்லாம் உள்ளே ஒரு சிக்கல் எழுகின்றது. உள்ளே வேறொருவருடைய வேலை பாதியில் நிற்கின்றது. அதை நிறுத்தினால் அவருக்குக் கொடுத்த வாக்குத் தவறும். நிறுத்தாவிட்டால் வந்தவர் அடுத்த தெருவிலுள்ள அச்சுக்கூடத்துக்குப் போவார். இரண்டையும் செய்வதாயின் தொழிலாளியின் உறக்கம் குறையவேண்டும். இம்மூன்றனுள் எதை இழப்பது என்னும் கேள்வி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சுத் தொழிலைத் தொடர்ந்து வந்துள்ளது.

இச்சிக்கலின் அருமையை உணர வேண்டுமாயின் கையச்சுக் காலத்தில் வேலை நடந்த முறையை அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சுத் தொழில்பற்றிய முதற் பெருங் கைந்நூலை 1683ஆம், 1684ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஜோசப் மொக்சன் அதனைப் படிப்படியாக விளக்கியுள்ளார். எழுத்துக் கோப்பவர் பெட்டியின் அறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடக்கையிலுள்ள கோப்புச் சட்டத்தில் அடுக்குவார். அடுக்கிய எழுத்துகள் வரியாகும். வரிகள் சேர்ந்து பக்கமாகும். பக்கங்கள் இரும்புச் சட்டத்துள் ஆப்புகளால் இறுக்கப்பட்டுப் 'பாரம்' எனப்படும். அதன்மேல் மை பூசி ஒரு தாளை அழுத்திப் பிழை பார்ப்பர். பிழை தீர்ந்த பின்னரே அச்சடிப்பு. ஒருவர் தோற்பந்துகளால் மை பூச, மற்றவர் நெம்புகோலை இழுப்பார். நன்றாகப் பழகிய இருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 250 தாள்களின் ஒரு பக்கத்தை அடிப்பர் என்பதே அக்காலத்து வழக்கமான கணக்கு.

இவற்றுள் மூன்று படிகள் அவசரத்துக்கு இணங்காதவை. ஒன்று, தாள். உலர்ந்த தாளில் மை செவ்வனே பற்றாது. ஆதலின் தாளை முன்கூட்டியே நனைத்துப் பலகையிட்டு வைத்தல் வேண்டும். இரண்டாவது, உலர்த்துதல். அடித்த தாள்களைக் கொடியில் இட்டு உலர்த்தாமல் மடித்தால் ஒரு பக்கத்து மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். மூன்றாவது, எழுத்துப் பிரித்தல். ஈய எழுத்து விலை மிகுந்தது. எந்த அச்சுக்கூடத்திலும் அது அளவோடுதான் இருக்கும். முன் அடித்த பக்கங்களைக் கலைத்து, எழுத்துகளைக் கழுவி, உரிய அறைகளிற் போட்டாலன்றி அடுத்த பக்கத்தைக் கோக்க இயலாது. எனவே, அவசர வேலைக்காரர் ஒருவர் கேட்பது வெறும் ஒரு மணி நேர உழைப்பன்று. மற்றொருவருடைய நூலுக்கென ஒதுக்கிய எழுத்துகளையும் நனைத்து வைத்த தாளையும் ஓடிக்கொண்டிருக்கும் பொறியையும் சேர்த்தே கேட்கின்றார்.

ஐரோப்பாவில் அச்சுத் தொழில் பிறந்தபோதே இச்சிக்கலும் உடன் பிறந்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யொகான் குட்டன்பேர்க் தம் விவிலியத்தை அச்சிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அதே நகரில் வேறொரு வேலையும் அச்சேறிற்று. சைப்பிரஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காப்பதற்குப் பொருள் திரட்டும்பொருட்டுத் திருச்சபை பாவமன்னிப்புச் சீட்டுகளை வழங்கிற்று. பொருள் கொடுத்தவர் பெயரும் நாளும் கையால் எழுதுவதற்கு இடம் விட்டு, மற்றைப் பகுதி முழுவதும் அச்சிடப்பட்ட ஒற்றைத் தாள் அது. 31 வரி கொண்டதும் 30 வரி கொண்டதுமாக இரண்டு அமைப்புகளில் அது கிடைத்துள்ளது. எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது 1454ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் நாள் வழங்கப்பட்டது. அச்சலுகை 1455 ஏப்ரில் 30ஆம் நாளுடன் முடிவுறும். நாள் கடந்தாற் சீட்டுக்கு மதிப்பில்லை. ஆகவே, ஐரோப்பிய அச்சுக்கலையில் நாள் குறிக்கப்பெற்று நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையன, கெடு வைத்த அவசர வேலையின் தாள்களே.

விவிலியமோ வேறு வகைப்பட்டது. இரண்டு பெரும் பாகங்கள். 1,200க்கு மேற்பட்ட பக்கங்கள். ஏறத்தாழ 180 பிரதிகள். பின்னாளில் இரண்டாம் பயஸ் என்னும் பெயருடன் பாப்பரசராகிய பிக்கொலொமினி, அதன் சில பகுதிகளைப் பிராங்பேர்ட் நகரில் பார்த்ததைப்பற்றி 1455 மார்ச் மாதத்திற் கடிதம் எழுதினார். நூல் முடிவதற்கு முன்னரே அதனை வாங்குவோர் ஆயத்தமாக இருந்தனர் என்று கேள்வியுற்றதையும், தம் நண்பருக்கு ஒரு பிரதி கிடைப்பது அரிது என்பதையும் அதிற் குறித்துள்ளார். வாடிக்கையாளர் காத்திருந்தனர். பணம் மட்டும் காத்திருக்கவில்லை. குட்டன்பேர்க்குக்கு 1450ஆம் ஆண்டில் 800 பொற்காசும் பின்னர் மேலும் 800 பொற்காசும் கொடுத்த யொகான் புஸ்ட் வழக்குத் தொடுத்தார். 1455 நவெம்பர் 6ஆம் நாள் எழுதப்பட்ட சட்டப் பத்திரம் அவ்வழக்குக்குச் சான்றாக உள்ளது. பெரு நூலில் முதல் நெடுங்காலம் முடங்கும். சில்லறை வேலையிற் காசு உடனே திரும்பும். இவ்வுண்மையை அச்சுத் தொழிலின் தந்தையே தம் இழப்பாற் கற்றுக்கொண்டார். இங்கிலாந்திலும் கதை இதுவே. வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சிட்டவற்றுள் நாளறியப்பட்ட மிகப் பழைய தாள், 1476 டிசெம்பர் 13ஆம் நாள் வழங்கப்பட்ட பாவமன்னிப்புச் சீட்டு ஒன்றாகும்.

தொழில் வளர வளர, வேலைகளை ஒழுங்குபடுத்தும் முறையும் வளர்ந்தது. அந்துவேர்ப் நகரில் 1555ஆம் ஆண்டளவில் தொழில் தொடங்கிய கிறிஸ்தோப் பிளாந்தன், இருபதாண்டுக்குள் 16 அச்சுப்பொறிகளை ஓட்டும் நிலைக்கு உயர்ந்தார். அவருடைய பொறி ஒவ்வொன்றிலும் இருவர் நாளொன்றுக்கு 1,250 தாள்களை இரு புறமும் அடித்துக் கொடுக்கவேண்டும் என்பது வழக்கம். தொழிலாளர் நடந்துகொள்ள வேண்டிய முறைகளும், தவறினாற் கொடுக்கவேண்டிய தண்டப்பணமும் எழுத்தில் வகுக்கப்பட்டிருந்தன. வேலை வந்த நாள், பிரதித் தொகை, கூலி முதலியவை கணக்கேடுகளிற் பதியப்பட்டன. அவ்வேடுகளும் அக்கட்டடமும் பழைய பொறிகளும் அழியாமற் காக்கப்பட்டு, இன்று பிளாந்தன் மொரெத்துஸ் அரும்பொருட்சாலையாக விளங்குகின்றன. யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டில் அதனை உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இத்தகைய கணக்கேடுகள் நெடுநாள் நிலவிய ஒரு தவறான எண்ணத்தையும் மாற்றின. பழைய அச்சகத்தார் ஒரு நூலைத் தொடங்கினால் அதை முடித்த பின்னரே மற்றொன்றைத் தொட்டனர் என்று அறிஞர் பலர் கருதி வந்தனர். நியூசிலாந்து அறிஞர் டொனால்ட் மக்கென்சி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் 1696 முதல் 1712 வரையுள்ள கணக்குகளை நுணுகி ஆராய்ந்தார். அவர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை அக்கருத்தைத் தகர்த்தது. ஒரே காலத்திற் பல நூல்கள் பாதி பாதியாக நடந்துள்ளன. ஒரு நூலின் புரூப் தாள் ஆசிரியரிடம் தங்கிவிட்டால், எழுத்துக் கோப்பவர் அடுத்த நூலுக்குப் போனார்; சில்லறை வேலை வந்தால் அது இடையிற் புகுந்தது. ஒருவர் ஒரு கிழமை கோத்த எழுத்தின் அளவும் மறு கிழமை கோத்த அளவும் பெரிதும் வேறுபட்டன. குழப்பம்போலத் தோன்றிய அது உண்மையில் தொழில் நடத்தும் நெறி. கையும் பொறியும் சும்மா இருத்தல் கூடாது என்பதே அந்நெறி.

எனினும், விரைவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை பிழை பார்க்கும் மேசை. இலண்டன் நகரில் அரச அச்சாளர்களாகிய றொபேட் பாக்கரும் மாட்டின் லூக்காசும் 1631ஆம் ஆண்டில் அச்சிட்ட விவிலியத்தில், பத்துக் கட்டளைகளுள் விபசாரத்தை விலக்கும் கட்டளையில் 'செய்யாதே' எனும் பொருள் தரும் மறுப்புச்சொல் விடுபட்டுப்போயிற்று. இறைவன் விலக்கியதை ஏவியதாக வேதம் பேசிற்று. அச்சாளருக்கு 300 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. பிரதிகளைத் திரட்டி அழிக்கவும் முற்பட்டனர். சில மட்டும் தப்பி இன்றும் உள்ளன. மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்லின் விலை அது. வேலையை எவ்வளவு முடுக்கினாலும் புரூப் பார்க்கும் நேரத்தைக் குறைக்கலாகாது என்று அச்சுத் தொழிலாளர் தம் மாணாக்கருக்குச் சொல்லுதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வேலை ஏற்பதிலும் வாக்குக் காப்பதிலும் ஒருவர் கொண்ட நெறி அவருடைய வாழ்வையே எவ்வாறு உயர்த்தும் என்பதற்குப் பெஞ்சமின் பிராங்கிளினின் தொழில் வரலாறு சான்று பகரும். பின்னாளில் விஞ்ஞானியாகவும் அரசியல் ஞானியாகவும் உலகம் போற்றிய அவர், தம்மை அச்சுத் தொழிலாளி என்றே சொல்லிக்கொள்வதிற் பெருமை கொண்டவர். 1728ஆம் ஆண்டில், தமது இருபத்திரண்டாம் வயதில், ஹியூ மெரடித் என்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் திறந்தார். அந்நகரில் அப்போதே பிரட்போர்ட், கைமர் என்னும் இருவர் அத்தொழிலை நடத்திக்கொண்டிருந்தனர். எழுத்துப் பெட்டிகளைப் பிரித்து வைத்ததும் நண்பர் ஒருவர் தெருவில் அச்சாளரைத் தேடி அலைந்த நாட்டுப்புறத்தார் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கொடுத்த ஐந்து சில்லிங்குகளே முதல் வருமானம். கையிலிருந்த காசு முழுவதும் செலவழிந்திருந்த வேளையில் வந்த அந்த ஐந்து சில்லிங்குகள், பின்னர்ப் பெற்ற எப்பணத்தினும் மேலான மகிழ்ச்சியைத் தந்தன என்று பிராங்கிளின் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார்.

பின்னர் ஒரு பெரிய வேலை வந்தது. குவேக்கர் என்னும் சமயக் குழுவினரின் வரலாற்று நூலில் நாற்பது தாள்களை அச்சிடும் பொறுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. எஞ்சிய பகுதி கைமருடையது. விலையோ மிகக் குறைவு. பிராங்கிளின் நாளொன்றுக்கு ஒரு தாளுக்குரிய எழுத்தைக் கோப்பது என்றும், மெரடித் அதனை அடிப்பது என்றும் வகுத்துக்கொண்டனர். மறுநாட் கோப்புக்காக எழுத்துகளைப் பிரித்து முடிக்கும்போது பெரும்பாலும் இரவு பதினொரு மணியாகிவிடும். சில நாள் அதற்கும் மேலாகும். காரணம், நண்பர்கள் இடையிடையே அனுப்பிய சிறு சிறு வேலைகள். அவற்றையும் அவர் மறுக்கவில்லை; நாளொன்றுக்கு ஒரு தாள் என்ற வரையறையையும் விடவில்லை. ஓர் இரவு, பாரங்களை இறுக்கி வைத்து அன்றைய வேலை முடிந்தது என்று எண்ணிய வேளையில், ஒன்று தவறி உடைந்து இரண்டு பக்கங்களின் எழுத்துகள் சிதறிக் கலந்தன. பிராங்கிளின் அவற்றைப் பொறுக்கிப் பிரித்து, இரண்டு பக்கங்களையும் முதலிலிருந்து கோத்து முடித்த பின்னரே படுக்கைக்குச் சென்றார்.

இவ்வுழைப்பு அயலார் கண்ணில் தப்பவில்லை. மூன்றாவது அச்சுக்கூடம் அந்நகரில் நிலைக்காது என்று வணிகர் சங்கத்திற் பலர் பேசிக்கொண்டபோது, பெயாட் என்னும் மருத்துவர் மட்டும் மாறாகச் சொன்னார். சங்கத்திலிருந்து தாம் வீடு திரும்பும் வேளையிலும் அவ்விளைஞர் வேலை செய்கின்றார், அயலார் எழுமுன்னரே மீண்டும் தொடங்கிவிடுகின்றார் என்பதே அவர் கூறிய காரணம். அதன் பயனாகவே எழுதுபொருள்களைத் தர ஒருவர் முன்வந்தார். காகிதத்தைக் கைவண்டியில் ஏற்றித் தெருவழியே தாமே தள்ளிச் சென்றதையும் பிராங்கிளின் மறைக்கவில்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கை அச்சாளருக்கு முதல். அந்நம்பிக்கை காணப்படவும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. மாகாண மன்றத்தார் ஆளுநருக்கு அளித்த உரை ஒன்றைப் பிரட்போர்ட் கவனமின்றியும் பிழைபடவும் அச்சிட்டார். பிராங்கிளினும் மெரடித்தும் அதே உரையை அழகாகவும் திருத்தமாகவும் மீள அச்சிட்டு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பினர். எவரும் கேளாத வேலை அது; கூலியும் இல்லை. ஆயின், மறு ஆண்டு மன்றத்தின் அச்சு வேலை அவர்களுக்கே வந்தது. காகிதப் பணத்தை அச்சிடும் ஆதாயமான வேலையும் பின்னர் வந்தது. பிராங்கிளின் தம் கடையில் எல்லா வகைப் படிவங்களையும் முன்னரே அச்சிட்டு விற்பனைக்கு வைத்திருந்தார். ஒப்பந்தம், பிணைப்பத்திரம் போன்றவற்றை அவசரமாகக் கேட்டு வருவோர் காத்திராமல் வாங்கிச் செல்லலாம். வேலை ஓய்ந்த நாளிற் செய்து வைத்தால் அவசர நாளின் சுமை குறையும். நுட்பமான இந்த முறைக்குப் பெரிய அறிவு வேண்டியதில்லை, முன்யோசனை வேண்டும்.

அதே பிலடெல்பியா நகரில் உலக வரலாற்றின் மிகப் பெரிய அவசர வேலைகளுள் ஒன்றும் நடந்தேறிற்று. 1776 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்கக் கொங்கிரஸ் சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்டது. அதனை அச்சிட்டு மாகாண மன்றங்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் அனுப்பவேண்டும் என்று அன்றே கட்டளை பிறந்தது. வாசகத்தை வரைந்த குழுவினரே அச்சையும் மேற்பார்த்துத் திருத்தவேண்டும் என்றும் கூறப்பட்டது. அக்குழுவில் பிராங்கிளினும் ஒருவர். வேலை ஜோன் டன்லப் என்னும் அச்சாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அயர்லாந்திற் பிறந்து, சிறுவயதில் தம் சிற்றப்பனாரிடம் தொழில் பழக வந்த அவருக்கு அப்போது முப்பது வயதும் நிரம்பவில்லை.

அன்றிரவு டன்லப்பின் கூடத்தில் எழுத்து கோக்கப்பட்டது, புரூப் பார்க்கப்பட்டது, ஏறத்தாழ 200 பிரதிகள் அச்சேறின. மறுநாளே தூதர்கள் அவற்றைக் கொண்டு புறப்பட்டனர். நியூயோர்க்கில் இருந்த ஜோர்ஜ் வாஷிங்டன் ஜூலை 9ஆம் நாள் அதைத் தம் படையினர்க்கு வாசிக்கச் செய்தார். எஞ்சியுள்ள பிரதிகளாக இன்று 26 மட்டும் அறியப்பட்டுள்ளன. அவற்றை ஆராய்ந்தோர் அவ்விரவின் பதற்றத்தைத் தாளிலேயே கண்டனர். சிலவற்றில் தாளின் நீர்க்குறி தலைகீழாக உள்ளது. தாளைத் திருப்பி ஒழுங்காக அடுக்க நேரமில்லை. சிலவற்றில் மை உலருமுன் மடித்தமையால் எழுத்தின் நிழல் எதிர்ப்பக்கத்திற் பதிந்துள்ளது. உலர்த்தும் கொடியில் தாள் தங்க அன்றிரவு இடமில்லை. ஆயினும் வாசகம் செம்மையாக உள்ளது. எந்தப் படியைச் சுருக்கலாம், எதைச் சுருக்கலாகாது என்பதை டன்லப் அறிந்திருந்தார் என்பதற்கு இத்தாள்களே சான்று.

உறுப்பினர் கையொப்பங்களுடன் இன்று மக்கள் சென்று காணும் தோற்பத்திரம் வேறு. அது அழகிய கையெழுத்தில் எழுதுமாறு ஜூலை 19ஆம் நாளே கட்டளையிடப்பட்டது. பெரும்பாலோர் ஒப்பமிட்டது ஓகஸ்ட் 2ஆம் நாள். அதற்கு நெடுநாள் முன்னரே மக்கள் சதுக்கங்களிற் கேட்டதும் படைவீரர் கேட்டதும் டன்லப்பின் ஒற்றைத் தாளிலிருந்த வாசகத்தையே. 1989ஆம் ஆண்டில் ஒருவர் பழஞ்சந்தையில் நான்கு டொலருக்கு வாங்கிய படமொன்றின் பின்னால் அத்தாள்களுள் ஒன்று மடிந்து கிடந்தது. 1991ஆம் ஆண்டில் அது இருபத்துநான்கு இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. ஓரிரவிற் செய்த சில்லறை வேலை!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவசரத்தின் சுமையை இயந்திரம் ஏற்கத் தொடங்கிற்று. இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை 1814 நவெம்பர் 29ஆம் நாள் பிரெட்றிக் கேனிக் அமைத்த நீராவிப் பொறியில் அச்சிடப்பட்டது. அது மணிக்கு 1,100 தாள்களை அடித்தது. தொழிலாளர் எதிர்ப்புக்கு அஞ்சி, உரிமையாளராகிய ஜோன் வோல்ட்டர் அதனை அயற் கட்டடத்தில் இரகசியமாக நிறுவியிருந்தார். வெளிநாட்டுச் செய்தி வரவேண்டியுள்ளது, காத்திருங்கள் என்று கையச்சுத் தொழிலாளருக்குச் சொல்லி வைத்து, விடியற்காலையில் அச்சிட்ட பிரதிகளுடன் வந்து உண்மையை அறிவித்தார். கலகம் செய்தால் அடக்கப்படும் என்றும், அமைதி காத்தால் வேறு வேலை கிடைக்கும் வரை கூலி வழங்கப்படும் என்றும் கூறினார். விரைவின் விலையை இம்முறை கொடுக்க நேர்ந்தது, பல்லாண்டு நெம்புகோலை இழுத்த கைகளுக்கு.

பெரும் பொறிகள் பத்திரிகைக்குப் பொருந்தின. சிறிய வேலைக்குப் பொருந்தவில்லை. நூறு அழைப்பிதழ் அடிப்பதற்குப் பெரிய பொறியை நிறுத்துவது நட்டம். அக்குறையைக் காலால் மிதித்து ஓட்டும் சிறு பொறி தீர்த்தது. நியூயோர்க் அச்சாளர் ஜோர்ஜ் கோடன் 1850ஐ அடுத்த ஆண்டுகளில் அத்தகைய பொறிக்கு உரிமை பெற்று, அதற்குப் 'பிராங்கிளின்' என்று பெயரிட்டார். பிராங்கிளினே கனவிற் தோன்றி அதன் அமைப்பை விளக்கினார் என்று அவர் சொல்லியதாக அச்சுத் தொழிலாளரிடையே ஒரு கதை உண்டு. 'டிரெடில்' என்று நம்மவர் வழங்கும் மிதிபொறி இவ்வினத்தைச் சேர்ந்ததே. பெரிய பொறியில் நூல், சிறிய பொறியில் அவசர வேலை என்று கூடம் இரண்டாகப் பிரிந்தது. ஒருவருடைய வேலையை நிறுத்தி மற்றொருவருக்குச் செய்யும் தொல்லை ஓரளவு தணிந்தது.

இலங்கையிலும் அச்சுக்கலை ஆட்சியாளரின் அலுவல் தேவையோடு ஒட்டியே வளர்ந்தது. ஒல்லாந்தர் கொழும்பில் நிறுவிய அச்சகம் 1737ஆம் ஆண்டிற் சிங்கள நூலை அச்சிட்டது. சமய நூல்களோடு கொம்பனியின் கட்டளைகளும் அங்கே அச்சேறின. ஆங்கிலேயர் ஆட்சியில் 1802 மார்ச் 15ஆம் நாள் அரசாங்க வர்த்தமானி தோன்றிற்று. யாழ்ப்பாணத்திற் கதை சற்று வேறு. அமெரிக்க மிஷனுக்கு அச்சாளராக 1820ஆம் ஆண்டில் வந்த ஜேம்ஸ் கரட் என்பவரை இலங்கையில் தங்க அரசாங்கம் இடங்கொடுக்கவில்லை. மிஷனுக்கு மற்றோர் அச்சாளர் வந்து சேர 1834ஆம் ஆண்டாயிற்று. மானிப்பாயில் அமைந்த அவ்வச்சகத்தில் 1841 ஜனவரி 7ஆம் நாள் 'உதயதாரகை' உதித்தது. அடுத்த ஆண்டில் யாழ்ப்பாண அகராதியும் வெளியாயிற்று. மாதம் இருமுறை தவறாது வரவேண்டிய பத்திரிகையும் சொற்கள் அடர்ந்த பேரகராதியும் ஒரே சூழலில் நடந்த ஆண்டுகள் அவை. சில ஆண்டுகளின் பின், 1849ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்ற ஆறுமுக நாவலர் அச்சுப்பொறியுடன் மீண்டு, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். 'இந்துசாதனம்' 1889ஆம் ஆண்டிற் பிறந்தது.

தமிழ் எழுத்துக் கோப்பவருக்கு ஆங்கில எழுத்துக் கோப்பவரினும் சுமை மிகுதி. உயிர்மெய்யின் பலவகை வடிவங்களுக்கும் தனித்தனி எழுத்து வேண்டும். பெட்டியின் அறைகள் நூற்றினும் மிகுவன. ஓர் எழுத்துத் தீர்ந்துவிட்டால் கோத்த பக்கத்தைக் கலைத்தாலன்றி வேலை நகராது. இந்நிலையில் யாழ்ப்பாணத்து அச்சகங்களின் வாயிலுக்கு வந்த அவசர வேலைகளுள் இரண்டு வகை குறிப்பிடத்தக்கன. ஒன்று மணவோலை. முகூர்த்தம் சோதிடர் குறித்தது. அச்சாளரின் வசதிக்காக அது தள்ளிப்போகாது. மற்றொன்று மரணத்தோடு வருவது. மரண அறிவித்தல் சில மணி நேரத்தில் வேண்டும். அதன் பின், முப்பத்தோராம் நாட் கிரியைக்கு முன் 'கல்வெட்டு' எனும் நினைவு நூல் வேண்டும். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, புலவர் பாடிய இரங்கற் பாக்கள், தேவார திருவாசகம் ஆகியன அடங்கிய சிறு நூல் அது. அழுத கண்ணோடு வரும் உறவினர், பெயர்களின் வரிசையிலும் உறவுமுறையிலும் ஒரு பிழையும் பொறுக்கார். அந்நூலிற் பெயரொன்று விடுபட்டால் ஒரு குடும்பத்தின் மனம் தலைமுறைக்கும் புண்படும். விரைவும் திருத்தமும் ஒருங்கே வேண்டப்படும் வேலை இதனினும் வேறில்லை.

இவ்வளவு வரலாற்றையும் தொகுத்து நோக்கின் சில முறைகள் எல்லா நாட்டிலும் ஒத்திருத்தலைக் காணலாம். முற்பணம் வாங்குதல், வேலை வந்த நாளையும் கொடுக்கும் நாளையும் ஏட்டிற் பதிதல், புரூப் தாளில் வாடிக்கையாளரின் ஒப்பம் பெறுதல், அவசரத்துக்கு மிகைக் கூலி கேட்டல் என்பன அவை. இவை வாடிக்கையாளரை நெருக்குதற்கு எழுந்த விதிகளல்ல. ஒருவருடைய அவசரத்தின் விலை அவரறியாமல் மற்றொருவர் தலையில் ஏறாதிருத்தற்கு எழுந்தவை. மிகைக் கூலி இல்லாத இடத்தில் அவ்விலையை இரவிற் கண்விழித்த தொழிலாளி கொடுத்தார். அல்லது முறைப்படி காத்திருந்த நூலாசிரியர் கொடுத்தார். சிலபோது விடுபட்ட ஒரு சொல்லால் அச்சாளரே கொடுத்தார்.

ஈய எழுத்தின் காலம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியோடு பெரும்பாலும் மறைந்தது. எழுத்துகளைப் பிரிக்க வேண்டியதில்லை. தாளை நனைக்க வேண்டியதில்லை. இரண்டு பிரதி வேண்டினும் இருநூறு வேண்டினும் கணினியின் துணையாற் சில நிமிடங்களில் அடிக்கலாம். ஆயினும் வாயிலில் நிற்பவரின் கேள்வி மாறவில்லை; உள்ளே ஏற்கெனவே ஒருவருடைய வேலை கிடப்பதும் மாறவில்லை. இயந்திரம் மணிக்கு எத்தனை தாள் அடித்தாலும், பெயரில் எழுத்துப் பிழை உண்டா என்று வரிவரியாகப் பார்க்கும் கண் ஒரு மனிதனுடையது. அதற்குரிய நேரத்தைக் கேட்டு வாங்கத் துணியும் அச்சாளரிடமே மக்கள் மீண்டும் மீண்டும் செல்வர்.